வானொலியும் வாவிக்கரையும்: ஈழத்துப் பொப்பிசை நினைவின் வரலாறு

1

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், இன்று அறுபது வயதைக் கடந்துள்ள தலைமுறையினரிடையே, இலங்கை வானொலியின் பழைய பாடல்களைப் பற்றிப் பேச்செழுமாயின் அது எளிதில் ஓய்வதில்லை. ‘பொங்கும் பூம்புனல்’, ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’ ஆகிய நிகழ்ச்சிகளின் பெயர்களும், எஸ். பி. மயில்வாகனம், இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்களும் உறவினர் பெயர்களைப் போல உரிமையோடு எடுத்துரைக்கப்படுகின்றன. இவ்வுணர்வை வெறும் பழமை மோகம் என ஒதுக்கிவிடுதல் எளிது. அக்காலத்தைப் பொற்காலம் எனப் போற்றிவிடுதலும் எளிது. இவ்விரண்டும் ஆராய்ச்சிக்கு உதவுவன அல்ல. ஒரு மக்கட் கூட்டம் எதனை நினைவிற் பேணியுள்ளது, எதனை மறந்துள்ளது, அவ்வாறு நேர்ந்தமைக்கு யாது காரணம் என்பனவே வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய வினாக்களாம்.

இவ்வினாக்களை ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையை முன்வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கொழும்பு ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு புதுமையாகவே இப்பகுதி மக்கள் பொப்பிசையைக் கருதி வந்துள்ளனர். ஆயின் அதன் தாளத்துக்கு நெருங்கிய உறவுடைய இசை மரபொன்று, வானொலி தோன்றுவதற்கு மிக முன்னரே மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்ந்து வந்தது. அம்மரபைப் பேணிய சிறு சமூகம் ஒலிபரப்பின் பகுப்பு முறையில் தனக்கென ஓரிடம் பெறவில்லை. அதன் விளைவாக நினைவிலும் இடம் பெறவில்லை என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

2

முதற்கண் ஒலிபரப்பின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். கொழும்பில் முறையான வானொலிச் சேவை 1925 டிசம்பர் 16ஆம் நாள் ஆரம்பமாயிற்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் இதனைத் தொடக்கி வைப்பதில் முன்னின்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் போர்வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ஒலிபரப்பை நடாத்திற்று. போரின் பின்னர் அதன் வலுமிக்க சிற்றலைக் கருவிகள் இலங்கை அரசினைச் சேர்ந்தன. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ உருவாயிற்று. 1950 செப்டெம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. போரின் தேவைக்காக நிறுவப்பட்ட கருவியே உபகண்டம் முழுவதற்கும் திரைப்பாடல்களைக் கொண்டு சென்ற கருவியாயிற்று.

இச்சேவையின் வளர்ச்சிக்கு இந்திய அரசின் கொள்கையொன்றும் துணைபுரிந்தது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுப்பதெனக் கருதி அகில இந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். அவ்வெற்றிடத்தை நிரப்பியது கொழும்பேயாகும். 1957 அக்டோபரில் ‘விவித பாரதி’ தொடக்கப்படும்வரை, அதன் பின்னரும் பல்லாண்டுகள், தமிழகத்து நேயர்கள் தம் திரைப்பாடல்களைக் கடல் கடந்து வந்த ஒலியலைகளிலேயே தேடிக் கேட்டனர். பண்பாட்டைச் சட்டத்தால் உயர்த்திவிட இயலும் என நம்பிய ஓர் ஆட்சியின் முடிவு, அயல்நாட்டின் வர்த்தக ஒலிபரப்பை வளர்த்துவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

தமிழ் ஒலிபரப்பு இக்காலத்தில் தனக்கென ஒரு மொழியையும் வகுத்துக்கொண்டது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை எழுதினார். திருத்தமான உச்சரிப்பு, அளவான நிறுத்தம், நேயரை மதித்து விளிக்கும் பாங்கு என்பன இலங்கை வானொலியின் அடையாளங்களாயின. 1967 ஜனவரி 5ஆம் நாள் இந்நிறுவனம் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. 1972இல் நாடு குடியரசான பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது.

3

இனி வாவிக்கரையைக் கேட்போர் சமூகமாக நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, இப்பகுதியை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக வகுக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலே பட்டினமும் பாடசாலைகளும் மீன்பிடிக் கிராமங்களும் நெருங்கியமைந்துள்ளன. மேற்கே உள்ள படுவான்கரை நெல் வயல்களையும் கால்நடைகளையும் கொண்டது. வீதியும் மின்சாரமும் பாடசாலையும் இரு கரைகளுக்கும் ஒரே காலத்தில், ஒரே அளவில் கிட்டவில்லை. ஆயின் மின்கலத்தால் இயங்கும் திரான்சிஸ்டர் வானொலி பரவலான பின்னர், தோணித்துறையைக் கடக்காமலே ஒரு குரல் இரு கரைகளுக்கும் ஒரே வேளையில் சென்றடைந்தது. வயற்காவற் பரணிலும் தேநீர்க் கடையிலும் தையற்காரரின் மேசையிலும் ஒரே பாடல் கேட்கப்பட்டது.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகளின் முக்கியத்துவத்தை இப்பகைப்புலத்திலேயே உணர்ந்துகொள்ளலாம். அஞ்சலட்டையில் எழுதியனுப்பப்பட்ட பெயரும் ஊரும் ஒலிவாங்கியின் முன் வாசிக்கப்பட்டன. பத்திரிகைகளில் பெரும்பாலும் வெள்ளத்தின்போதும் தேர்தலின்போதும் மாத்திரம் இடம்பெற்ற கிராமங்களின் பெயர்கள், சாதாரணமானதொரு நாளில், ஒரு பாடலின் பொருட்டு நாடெங்கும் ஒலித்தன. இலங்கை வானொலியின் மீது இப்பகுதி மக்கள் கொண்டிருந்த பற்றுக்குப் பாடல்களின் இனிமை மாத்திரமன்றி, இவ்வாறு தாம் பெயர் கூறி அழைக்கப்பட்டமையும் ஒரு காரணமாகும் என்பது எமது துணிபு.

வாவிக்கும் வானொலிக்கும் இன்னுமொரு தொடர்புமுண்டு. நிலாக் காலத்து இரவுகளில் வாவியின் அடியிலிருந்து எழும் இன்னொலியினாலேயே இந்நாடு ‘மீன்பாடும் தேன்நாடு’ எனப் பெயர் பெற்றது. ஆங்கில ஆட்சிக்கால அதிகாரி எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வொலியை விரிவாக வருணித்துள்ளார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் அரங்கேறிய ‘யாழ் நூ’லில் இதனை நீரர மகளிரின் இசையாகக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பிற் பணிபுரிந்த இயேசுசபைத் துறவியாகிய லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. நீரின் அடியில் எழுந்த ஒலிக்கும் ஒலிபரப்பில் இடம் கிடைத்தது. கரையில் எழுந்த பாடல்களுக்கு எவ்வகை இடம் கிடைத்தது என்பதே அடுத்து ஆராயப்பட வேண்டியது.

4

1960களின் பிற்பகுதிவரை வானொலியில் தமிழ் நேயர் கேட்ட ஜனரஞ்சகப் பாடல் பெரும்பாலும் தென்னிந்தியத் திரைப்பாடலேயாகும். இந்நிலையிலேயே ஈழத்துக்குரிய இருவகைப் பாடல்கள் தோன்றி வளர்ந்தன. ஒன்று, ஒலிபரப்பு நிலையத்தின் ஆதரவில் வளர்ந்த மெல்லிசை; எஸ். கே. பரராஜசிங்கம், எம். ஏ. குலசீலநாதன், வி. முத்தழகு, கலாவதி ஆகியோரின் குரல்களும், ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி முதலியோரின் இசையமைப்பும் இதனை வளம்படுத்தின. மற்றையது, மாணவர் விடுதியிலும் மேடையிலும் பிறந்து பின்னர் வானொலியை வந்தடைந்த பொப்பிசையாகும்.

பொப்பிசையின் தொடக்கம் கிழக்கு மாகாணத்தோடு தொடர்புடையது என்பது பலரால் மறக்கப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், ‘சின்ன மாமியே’ என்னும் பாடலை அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்து மாணவராக இருந்த காலத்திலேயே பாடிப் புகழ்பெற்றார். திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் ஆகியோர் இத்துறைக்கு வந்தனர். ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்த பாடலாக 1970களில் தமிழகத்தையும் சென்றடைந்தது. அவர் ‘சிலோன் மனோகர்’ என்னும் பெயரால் அங்கு அறியப்பட்டு, 2018இல் சென்னையிற் காலமானார்.

இவ்வளர்ச்சிக்குப் பொருளாதாரக் காரணிகளும் உண்டு. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதிகளைக் கட்டுப்படுத்திற்று. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவும் மட்டுப்படுத்தப்பட்டது. பொப்பிசை இக்கட்டுப்பாடுகளால் தோன்றியதன்று. அதன் தொடக்கம் இவற்றுக்கு முந்தியது. ஆயினும் உள்நாட்டுக் கலைக்குச் செவிசாய்க்கும் ஒரு சூழல் இதனால் விரிவடைந்தது எனலாம். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற தொடர் நாடகங்கள் வானொலியிற் பெற்ற வரவேற்பும் இதே சூழலைச் சேர்ந்ததாகும்.

மொழி நிலையிலும் பொப்பிசை கவனத்திற்குரியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்துத் தேசிய இலக்கிய இயக்கம் சிறுகதையிலும் நாவலிலும் மண்வாசனையையும் மக்களின் பேச்சு வழக்கையும் வற்புறுத்தி வந்தது. அக்கோரிக்கை வெகுசன அளவில் நிறைவேறிய துறைகளுள் பொப்பிசையும் ஒன்று. மாமி, மச்சாள், கள்ளுக்கடை, மீன் சந்தை என்னும் அன்றாட உலகம் அன்றாடச் சொற்களிலேயே பாடப்பட்டது. கதைகளில் இதனை வரவேற்ற திறனாய்வு, பாடலில் இதனைக் கேளிக்கை என்னும் அளவில் விட்டுவிட்டது. முற்போக்குத் திறனாய்வு மரபினைச் சார்ந்த நாம் இதனை இன்று வெளிப்படையாகக் கூறுதல் பொருத்தமானது.

5

இப்பாடல்களின் சொற்கள் தமிழாயினும், அவற்றின் தாளம் எங்கிருந்து வந்தது? மேலைத்தேயப் பொப்பிசையிலிருந்து என்பது பொதுவான விடை. பெயரும் அவ்வாறே கருதத் தூண்டுகின்றது. ஆயின் ‘சுராங்கனி’ போன்ற பாடல்களில் கேட்கும் துள்ளல் நடையை ஆங்கில, அமெரிக்க இசையிலிருந்து மாத்திரம் விளக்கிவிட இயலாது. அது பைலாவின் நடையாகும்.

பைலா என்னும் சொல் ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூத்த வடிவமான கபிரிஞ்ஞா, போர்த்துக்கேயர் ஆட்சியின் வழியே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் பெயரைத் தன்னகத்தே தாங்கி நிற்கின்றது. அடிமைகளாகவும் போர்வீரராகவும் வந்தோரின் தாளமும், ஆட்சியாளரின் இசைக்கருவிகளும், உள்நாட்டவரின் குரலும் ஒன்றுகூடிய வடிவம் இது. இருபதாம் நூற்றாண்டில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் இதனைச் சிங்களத்திற் பாடிப் பரப்பினார். 1960களில் கிற்றார்க் குழுக்கள் இதனை மேலும் வளர்த்தன. தமிழ்ப் பொப்பிசையாளர் இவ்வலையின் ஊடாகவே இத்தாளத்தைப் பெற்றனர்.

மட்டக்களப்பில் இம்மரபு நூற்றாண்டுகளாக வழங்கி வந்துள்ளது. போர்த்துக்கேயர் 1628இல் இங்கு கோட்டை அமைத்தனர். 1638 மே மாதம் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆட்சி அகன்றும் மக்கள் அகலவில்லை. அவர்தம் வழிவந்த பறங்கியர் மரவேலை, இரும்பு வேலை முதலிய கைவினைகளைத் தொழிலாகக் கொண்டு இப்பட்டினத்தில் நிலைகொண்டனர். கொழும்பிலே ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் பெற்ற பறங்கியரைப் போலன்றி, இவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்தினராவர். வீட்டில் போர்த்துக்கேயக் கலப்பு மொழியையும் அயலில் தமிழையும் பேசினர். அக்கலப்பு மொழியின் சொற்கள் போர்த்துக்கேயத்தினுடையன. ஆனால் வினையை இறுதியில் வைத்து முடிக்கும் வாக்கிய அமைப்பும் வேற்றுமை உருபுகளைப் பின்னொட்டாகச் சேர்க்கும் முறையும் தமிழினை ஒத்தன. 1970களில் மட்டக்களப்பில் ஆய்வு நடாத்திய மொழியியலாளர் இயன் ஸ்மித் இதனை விரிவாக விளக்கியுள்ளார். நூற்றாண்டுக் கணக்கில் அயலவராக வாழ்ந்தமையின் சான்று அவ்விலக்கணத்திலேயே பதிந்துள்ளது.

இம்மக்களின் திருமண வீடுகளில் வயலின், கிற்றார், மேளம் என்பவற்றுடன் கபிரிஞ்ஞா ஆடப்பட்டு வந்தது. ஒருவர் நாலடிச் செய்யுளொன்றைப் பாட, மற்றவர் அதற்கு எதிர்ச் செய்யுள் பாடும் வழக்கமும் இருந்தது. ஹியூ நெவில் என்னும் ஆங்கில அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்த இலங்கைப் போர்த்துக்கேயப் பாடல்களின் கையெழுத்துப் பிரதி பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. கென்னத் டேவிட் ஜாக்சன், மட்டக்களப்புக் கள ஆய்வோடு இணைத்து இதனை ஆராய்ந்து 1990இல் நூலாக வெளியிட்டார்.

எதிர்ப்பாட்டு வழக்கம் பறங்கியருக்கு மாத்திரம் உரியதன்று. இதே வாவிக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் வழங்கி வந்த நாட்டார் கவிகளிலும் ஆண் பாடப் பெண் மறுமொழி பகரும் நாலடிப் பாடல்கள் நிறைய உள்ளன. மூன்று சமூகங்கள், இரண்டு மொழிகள். ஆயின் பாடலைப் பாடலால் எதிர்கொள்ளும் பண்பு ஒன்றே. ஒன்றிலிருந்து மற்றையது தோன்றியது என நாம் கூறவில்லை. இத்தகைய செவிப்பழக்கமுள்ள ஒரு சமூகத்திடம் பொப்பிசையும் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியும் வந்தபொழுது, அவை அந்நியமாகத் தோன்றவில்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது.

6

இனி ஒலிபரப்பின் பகுப்பு முறைக்கு வருவோம். இலங்கை வானொலி மொழிவாரியாக அமைந்தது: சிங்கள சேவை, தமிழ்ச் சேவை, ஆங்கில சேவை, வெளிநாட்டு நேயர்க்கான இந்திச் சேவை என்றவாறு. தமிழ்ச் சேவைக்குள்ளே கர்நாடக இசை, மெல்லிசை, திரையிசை, கிராமிய இசை, பொப்பிசை என்ற வகுப்புகள் இருந்தன. நிருவாக வசதிக்கு இது ஏற்றதே. ஆனால் இவ்வகுப்புகள் காலப்போக்கில் மக்களின் எண்ணத்திலும் வகுப்புகளாயின.

மட்டக்களப்பின் கூத்தும் கவியும் ‘கிராமியம்’ என்னும் பெட்டியுள் அடங்கின. கூத்து நகர மேடையில் மதிப்புப் பெறுவதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் மேற்கொண்ட ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய தயாரிப்புகள் தேவைப்பட்டன. பறங்கியரின் பாடலுக்கோ அத்தகைய வழியும் இருக்கவில்லை. வீட்டு மொழி போர்த்துக்கேயக் கலப்பு மொழியாகவும் ஊர் மொழி தமிழாகவும் உள்ள ஒரு சமூகத்துக்கு எந்தச் சேவையில் இடம்? அவர்தம் தாளம் சிங்கள சேவையில் பைலாவாகவும், ஆங்கில சேவையில் நடன இசையாகவும், தமிழ்ச் சேவையில் பொப்பிசையாகவும் ஒலித்தது. அவர்தம் பெயரில் ஒலிக்கவில்லை. ஒரே பட்டினத்தில், ஒரே வீதியில், கபிரிஞ்ஞாவை ஆடிய வீட்டுக்கு அயல்வீட்டார், அதன் வழிவந்த தாளத்தைக் கொழும்பின் புதுமையாக வானொலியிற் கேட்டு மகிழ்ந்தனர்.

இதனை எவரதும் சூழ்ச்சியாக நாம் காட்டவில்லை. இனத்தையும் மொழியையும் ஒன்றெனக் கொண்டு மக்களைப் பகுத்த ஓர் அரசியற் சிந்தனை, ஒலிபரப்பு நேர அட்டவணையிலும் தன் வடிவத்தைப் பதித்தது. 1956இன் பின்னர் நாட்டின் அரசியல் முழுவதும் அச்சிந்தனைக்குள்ளேயே ஒடுங்கிற்று. அவ்வாறு ஒடுங்கிய காலத்தில், பகுப்புகளைக் கடந்த ஒரு தாளம் மூன்று மொழிகளிலும் பாடப்பட்டமை ஒரு வரலாற்று முரணாகும். பொப்பிசை நினைவின் ஈர்ப்புக்கு இம்முரணும் ஒரு காரணமாதல் கூடும்.

7

இந்நினைவு எக்காலத்தை எல்லையாகக் கொண்டுள்ளது என்பதும் ஆராயத்தக்கது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு ஒலிப்பதிவு நாடாக் கருவிகள் பெருமளவில் இறக்குமதியாயின. வானொலி தரும் பாடலுக்காகக் காத்திருக்கும் தேவை குறைந்தது. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி இப்பகுதியின் வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் வீழ்த்திற்று. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் கலைஞர் பலரும் நேயர் பலரும் புலம்பெயர்ந்தனர். கே. எஸ். ராஜா 1989இற் கொழும்பிலே கொலையுண்டார். 1990இல் மீண்டும் மூண்ட போர் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் பலவற்றைக் குருதியில் தோய்த்தது. அக்காலத்தில் வானொலி பாடலுக்கான கருவி என்பதிலும் பார்க்கச் செய்திக்கான கருவியாயிற்று. உறவினர் உயிருடன் உள்ளனரோ என அறியவே மக்கள் பி.பி.சி. தமிழோசை முதலிய ஒலிபரப்புகளுக்குச் செவிசாய்த்தனர்.

ஆகவே பழைய பாடல்களை ஏங்கி நினைப்போர் ஏங்குவது பாடலை மாத்திரமன்று. வானொலியைத் திருப்பினால் பாடல் வரும் என எதிர்பார்க்கக்கூடியதாயிருந்த சாதாரண நாளையே அவர்கள் நினைக்கின்றனர். அந்நாளும் குறைவற்றதன்று, வறுமையும் சாதிக் கொடுமையும் நிலமற்ற நிலையும் இனப் பாகுபாடும் அன்றும் இருந்தன. ஆயினும் அச்சமின்றிக் கேட்கப்பட்டது என்னும் உண்மை அந்நினைவில் உண்டு. அவ்வுண்மையை ஏளனஞ் செய்ய நமக்கு உரிமையில்லை.

மறக்கப்பட்டோரின் கதை இதனினும் கடினமானது. பறங்கியருட் பலர் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை, அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார் பகுதியைப் பேரழிவுக்குள்ளாக்கிற்று. எஞ்சியோரின் இளந்தலைமுறையினர் பெரும்பாலும் தமிழையே முதன்மொழியாகக் கொண்டுள்ளனர். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவர்தம் ஆய்வுக் குழுவினரும் இம்மொழியையும் பாடலையும் ஆடலையும் பதிவு செய்துள்ளனர். லிஸ்பனிலிருந்து வந்தோர் இதனைச் செய்தமை பாராட்டத்தக்கது. அயலில் வாழ்ந்த தமிழ் ஆய்வுலகம் இதனை முன்னரே செய்யாமை சிந்திக்கத்தக்கது.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில பணிகள் எம்முன் எழுகின்றன. வானொலி நேயர்களின் நினைவுகள் வாய்மொழி வரலாறாக, கிராமம் கிராமமாக, இரு கரைகளிலும் சேகரிக்கப்படல் வேண்டும். அத்தலைமுறை விரைந்து மறைந்து வருகின்றது. பழைய அஞ்சலட்டைகள், இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள் என்பன வீடுகளில் அழிந்துபோகுமுன் காக்கப்படல் வேண்டும். 1982இல் தொடக்கப்பட்டு இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம், கூத்தையும் நாட்டார் கவியையும் ஆராய்வது போலவே கபிரிஞ்ஞாவையும் பொப்பிசையையும் இம்மண்ணின் இசையாக ஏற்று ஆராய்தல் தகும். பறங்கிச் சமூகத்தார் அவ்வாய்வில் தகவல் தருவோராக மாத்திரமன்றி ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் பங்குகொள்ளல் வேண்டும்.

இலங்கை வானொலியின் பொப்பிசையை நினைந்து மகிழ்வோரை நாம் தடுக்க வேண்டியதில்லை. அந்நினைவை முழுமையாக்க வேண்டுமென்றே கேட்கின்றோம். அப்பாடலைப் பாடியவரின் பெயரையும் அறிவித்தவரின் பெயரையும் கூறும்பொழுது, அதன் தாளத்தைத் தச்சுப்பட்டறைகளின் அயலிலும் திருமணப் பந்தல்களிலும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வாவிக்கரை மக்களின் பெயரும் உடன் கூறப்படுதல் வேண்டும். அம்மொழியில் இன்னும் பாடத் தெரிந்தவர்கள் மட்டக்களப்பில் வாழ்கின்றனர். அவர்கள் வாழுங்காலத்திலேயே இப்பணி தொடங்கப்படுதல் இன்றியமையாதது.